கந்தோரும் தெருவும்



ஒரு நகரத்தின் சிறப்பைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் கோபுரத்தையும் மணிக்கூட்டையும் மாடமாளிகையையும் எடுத்துக்காட்டுவர். அவற்றின் அடியில் வெயிலிலும் மழையிலும் நடந்து செல்லும் மனிதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்த மனிதனைப் பற்றியது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த அரச அலுவலகக் கட்டடங்கள் பல இன்று பழுதடைந்து, புதுப்பிக்க வேண்டிய நிலையை அடைந்துள்ளன. அவ்வாறு புதுப்பிக்கும்போது உள்ளே இருந்து பணிசெய்வோரை மட்டுமன்றி, வாயிலில் காத்து நிற்பவரையும் வாயிலைக் கடந்து நடப்பவரையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே ஆசிரியப் பணி செய்து வருவதால், அங்கே கண்ணாற் கண்டவற்றைக் கொண்டே இதனை விளக்க முயல்கிறேன்.

எங்கள் நாட்டுப் பேச்சிலே அலுவலகத்திற்குக் கந்தோர் என்று பெயர். அச்சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. கட்டடத்தின் முன்புறத்தே தூண்கள் தாங்கி நிற்கும் தாழ்வாரத்திற்கு விறாந்தை என்று பெயர். அது போர்த்துக்கேயர் வழியாக வந்தது. ஒரு காலத்திலே விறாந்தை இல்லாத கந்தோரைக் காண்பது அரிது. இன்று கந்தோர் நிலைத்துவிட்டது. விறாந்தையோ சொல்லாக எஞ்சி, பொருளாக மறைந்து வருகின்றது. எங்கள் தெருக்களுக்கு நேர்ந்த குறையைச் சுருங்கச் சொன்னால் இதுதான்.

இக்குறை எவ்வாறு வந்தது என்பதை முதலிற் பார்ப்போம். முதலாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலே நவீனக் கட்டடக்கலை என்றொரு நெறி வலுப்பெற்றது. சீமெந்தும் இரும்பும் கண்ணாடியும் அதன் கருவிகள். வீண் அலங்காரம் வேண்டாம், பயனே அழகு என்பது அதன் கொள்கை. அந்நெறியின் முதல்வருள் ஒருவராகிய லெ கொர்புசியே, கட்டடத்தைத் தூண்களின்மேல் உயர்த்தி, அடிநிலத்தை மக்கள் நடமாட விட்டுவிட வேண்டும் என்று 1920களிலே கூறினார். பின்னர் 1950களிலே, பஞ்சாபின் புதிய தலைநகராகிய சண்டிகாரில் பெரியதொரு தலைமைச் செயலகத்தை அவரே அமைத்தார். சென்னை மவுண்ட் வீதியிலே 1959 ஆம் ஆண்டு எழுந்து நின்ற ஆயுள் காப்புறுதிக் கழகக் கட்டடம், அந்நாளில் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்று பெயர் பெற்றது. இலங்கையிலும் 1950கள் தொடங்கி 1970கள் வரை, தட்டையான கூரையும் நேர்கோட்டு முகப்பும் கொண்ட அரச கட்டடங்கள் ஊர்தோறும் எழுந்தன. தீவகமும் அதற்கு விலக்கன்று.

அடிநிலத்தை மனிதனுக்கு விட்டுவிட வேண்டும் என்பது நல்ல எண்ணந்தான். ஆனால், எண்ணம் ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் முடிந்தது. தூண்களுக்கு இடைப்பட்ட நிழல் நிலம் வாகனங்கள் நிற்கும் இடமாயிற்று. கட்டடம் தெருவோரத்தை விட்டுப் பின்வாங்கி நின்றது. முன்னே கிடந்த வெளியிலே வெயில் காய்ந்தது. அவ்வெளியின் எல்லையில் மதில் வந்தது. போர்க்காலம் அம்மதிலை மேலும் உயர்த்தி, இரும்புப் படலையையும் இட்டுச் சென்றது. போர் 2009 ஆம் ஆண்டிலே முடிந்தது. உயர்ந்த மதில்கள் பல இன்னும் இறங்கவில்லை.

நிற்க. இதனால் யாருக்கு என்ன துன்பம் என்று நேயர்கள் கேட்கலாம். தீவகத்து வாழ்க்கையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். தீவகம் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் என நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. நயினாதீவிலே வாழும் ஒருவர் காணி அலுவலாக வேலணைக்கு வர வேண்டுமானால், முதலில் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர வேண்டும். அங்கிருந்து பேருந்திலே புங்குடுதீவைக் கடந்து வேலணையை அடைய வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு மக்கள் படகிலே ஊர்காவற்றுறைக்கு வருவர். நெடுந்தீவாருக்கு மாவட்டச் செயலகத்திலே அலுவல் என்றால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, பின்னர் பண்ணைப் பாலத்தின் வழியாக யாழ்ப்பாண நகரை அடைய வேண்டும். ஆதலின் கந்தோரிலே அரை மணி நேரத்தில் முடியும் அலுவலுக்காகத் தீவார் ஒரு பகற்பொழுதையே செலவிடுகின்றனர். எஞ்சிய நேரமெல்லாம் பேருந்துக்கும் படகுக்கும், கையொப்பமிடும் அதிகாரிக்கும் காத்திருக்கும் நேரம். எங்கே காத்திருப்பது?

நான் அறிந்த அலுவலகமொன்றின் முன்னே நாள்தோறும் நடப்பதைச் சொல்கிறேன். காலையிலே மதிலின் நிழல் தெருவிலே சில முழம் நீண்டு விழும். ஓய்வூதியக்காரரும், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், ஆவணங்களைப் பொலித்தீன் பையிலே சுற்றி வைத்திருக்கும் முதியவரும் அந்நிழலிலே நிற்பர். நண்பகல் நெருங்க நெருங்க நிழல் சுருங்கும். அதனோடு மக்களும் மதிலை ஒட்டிச் சுருங்குவர். உச்சி வேளையிலே நிழலும் இல்லை, மக்களும் இல்லை. சிலர் மதகிலே குந்தியிருப்பர். சிலர் பூட்டிக் கிடக்கும் கடையின் தாழ்வாரத்தைத் தேடிப் போவர். உள்ளே கதிரைகள் இல்லாமலில்லை. ஆனால் அவை அழைக்கப்பட்டவர்களுக்கு உரியவை. படகுக்காகக் காத்திருப்பவரை அங்கே இருத்தும் வழக்கம் இல்லை. கந்தோர் இருந்தும் அதன் தெரு வெறிச்சோடிக் கிடக்கின்றது.

எங்கள் முன்னோர் இவ்வாறு கட்டவில்லை. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் வாயிலிலே சங்கடப்படலை என்று ஒன்று உண்டு. படலைக்கு மேலே ஒரு சிறு கூரை. அதன் கீழே இருபுறமும் அமர்வதற்கு ஏற்ற திண்டு. சில வீடுகளிலே மண்குடத்தில் தண்ணீரும் வைப்பர். வீட்டாருக்கு அதனால் பெரும் பயன் ஒன்றும் இல்லை. வழிப்போக்கனுக்காகவே அது கட்டப்பட்டது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லை நட்டனர். பருத்தித்துறையிலே, தும்பளைக்குச் செல்லும் வீதியில், தெருமூடிமடம் என்ற பழைய மடம் ஒன்று உண்டு. அதன் கூரை வீதிக்கு மேலாகவே செல்கின்றது. இருபுறமும் கற்றூண்களும் உயர்ந்த திண்ணைகளும் உள்ளன. நடப்பவன் ஒதுங்கிச் சென்று நிழலைத் தேட வேண்டியதில்லை. தெருவே நிழலுக்குள் புகுந்து வெளியேறுகின்றது. கட்டடமும் தெருவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இதனிலும் சிறந்த சான்று எங்கள் நாட்டில் வேறில்லை.

மதிலைப் பற்றியும் நெடுந்தீவு எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தருகின்றது. அங்கே வளவுகளுக்கும் தோட்டங்களுக்கும் பவளக்கற்களை அடுக்கி வேலி அமைத்திருக்கின்றனர். அது எல்லையைக் காட்டுகின்றது, கால்நடையைத் தடுக்கின்றது. ஆனால் வழியிலே போகின்றவர் வளவில் நிற்பவரோடு அதன் மேலாகவே பேசலாம். காவலும் உறவும் ஒரே வேலியில் அமைந்திருக்கின்றன. நயினாதீவைப் பாருங்கள். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருவோர் இறங்குதுறையிலிருந்து நடந்தே செல்கின்றனர். நடப்பவனுக்கு நிழலும் நீரும் அன்னமும் கிடைப்பதால், அங்குள்ள தெருவிலே கடையும் பேச்சும் தழைக்கின்றன. நடையைத் தாங்கும் இடத்திலே வாழ்வு தங்கும் என்பது இதனால் விளங்கும்.

இனி வெளிநாடுகளைப் பார்ப்போம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியிலும் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய யாழ்ப்பாணத்தார் பலர். அங்குள்ள கடைவீதிகளின் ஐந்தடி நடையை அவர்கள் நன்கு அறிவர். 1822 ஆம் ஆண்டிலே சிங்கப்பூர் நகருக்குத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்றும், அது வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தார். கட்டடம் தனியாருடையது, நிழலோ ஊராருடையது. கொழும்புக் கோட்டையிலே யோர்க் வீதியில் உள்ள கார்கில்ஸ் கட்டடத்தின் அடியிலும் இத்தகைய தூண்வரிசை நடைவழியைக் காணலாம். மழை பெய்யும் நாளிலே அதன் அருமை தெரியும்.

நவீனக் கட்டடங்களைப் பொறுத்த மட்டில் அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. நியூயோர்க் நகரிலே 1958 ஆம் ஆண்டு சீகிராம் கட்டடம் எழுந்தபோது, தெருவின் ஓரத்திலே ஒரு திறந்த சதுக்கத்தை விட்டுக் கட்டினர். மக்கள் அங்கே சென்று அமர்ந்தனர். அதனைக் கண்ட நகராட்சி 1961 ஆம் ஆண்டிலே ஒரு விதியை இயற்றியது: சதுக்கம் விட்டுக் கட்டுவோர் அதற்கு ஈடாக மேலே கூடுதலாக மாடிகள் எழுப்பலாம் என்பது அது. விளைவாகச் சதுக்கங்கள் பெருகின. ஆனால் அவற்றுட் பல வெறுமையாகக் கிடந்தன. காரணம் என்ன என்று வில்லியம் வைட் என்ற அறிஞர் 1970களிலே படக்கருவி கொண்டு ஆராய்ந்தார். அமர்வதற்கு இடம் இருக்கும் இடத்திலே மக்கள் அமர்கின்றனர் என்பதே அவர் கண்ட முடிபுகளுள் தலையாயது. 1975 ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டு, சதுக்கங்களிலே இருக்கைகள் கட்டாயமாக்கப்பட்டன. திண்ணை கட்டி வாழ்ந்த எங்கள் பாட்டிமார் இதனைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள்.

பொஸ்டன் நகர மண்டபத்தின் கதை எங்கள் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1960களின் இறுதியிலே கட்டி முடிக்கப்பட்ட பெரிய சீமெந்துக் கட்டடம் அது. அதன் முன்னே பரந்த செங்கல் வெளி ஒன்று நிழலின்றி, படிகளால் துண்டுபட்டுக் கிடந்தது. கட்டடத்தையே கைவிட்டுவிடலாம் என்ற குரல்களும் எழுந்ததுண்டு. முடிவிலே கட்டடம் நின்றது, நிலத்தையே திருத்தினர். படிகளால் பிரிந்திருந்த வெளியை எவரும் நடக்கவும் சக்கர நாற்காலியிற் செல்லவும் கூடிய சாய்தளத்தால் இணைத்து, மரங்களையும் இருக்கைகளையும் சிறுவர் விளையாடும் இடத்தையும் அமைத்து, 2022 ஆம் ஆண்டிலே மக்களிடம் மீண்டும் ஒப்படைத்தனர். பழைய கட்டடமொன்றைத் தெருவோடு சேர்க்க முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

எங்கள் யாழ்ப்பாண நகரிலும் இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்டு, 2023 ஆம் ஆண்டு மக்களிடம் கையளிக்கப்பட்டு, 2025 முதல் திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கும் பண்பாட்டு மையத்தின் திட்டத்திலே, மக்கள் கூடுவதற்கான சதுக்கமும் இடம்பெற்றுள்ளது. ஆனால் பெரிய மையங்களை எல்லா ஊரிலும் எழுப்ப இயலாது. தீவகத்திற்கு வேண்டியது, உள்ள கட்டடத்தைத் திருத்தும் வழியே. அதற்கு எனக்குத் தோன்றும் சில யோசனைகளை முன்வைக்கிறேன். கட்டடக்கலைஞர்கள் இவற்றைத் திருத்திச் செம்மைப்படுத்துவார்களாக.

முதலாவது, தெருவை நோக்கிய மதிலை இடுப்பளவுக்கு இறக்கி, அதன் வெளிப்புறத்திலே ஒன்றரை அடி உயரமான திண்ணை ஒன்றைக் கட்டுதல் வேண்டும். மதில் அப்போதும் எல்லையாகவே இருக்கும். கூடவே இருக்கையாகவும் உதவும்.

இரண்டாவது, அத்திண்ணைக்கு நிழல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. கடற்கரைக் காற்றிலே உள்ள உப்பு சீமெந்துக்குள் புகுந்து இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துச் சீமெந்தைப் பிளக்கும். ஆதலின் பழைய கட்டடத்தின் தளத்திலே புதிய பாரத்தைத் தொங்கவிடலாகாது. தனித் தூண்களிலே ஓடு வேய்ந்த விறாந்தையாக அதனை அமைத்தலே நன்று. அதனோடு பூவரசும் வேம்பும் நடலாம். அவை எங்கள் மண்ணையும் உப்புக் காற்றையும் தாங்கும். மேற்கு வெயில் விழும் பக்கத்திலே முதலில் நட வேண்டும்.

மூன்றாவது, தூண்களுக்கிடையே நிற்கும் வாகனங்களைக் கட்டடத்தின் பின்புறத்திற்கு அனுப்ப வேண்டும். விடுபட்ட நிழல் நிலத்திலே காத்திருப்போருக்கு வாங்குகளை இடலாம். தெருவோரமாக இரண்டு மூன்று சிறு அறைகளை ஒதுக்கி, தேநீர்க் கடைக்கும், பிரதி எடுக்கும் கடைக்கும், மனு எழுதிக் கொடுப்பவருக்கும் குறைந்த வாடகைக்கு விடலாம். கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு அவற்றிலே முன்னுரிமை அளிக்கலாம்.

நான்காவது, விசாரணைச் சாளரம் தெருவை நோக்கித் திறக்க வேண்டும். எந்த அலுவலுக்கு எந்த ஆவணம் வேண்டும் என்பதையும், படகும் பேருந்தும் புறப்படும் நேரத்தையும் பெரிய எழுத்திலே அங்கு எழுதி வைத்தால், பாதிப் பேர் படியேறவே தேவையிராது.

ஐந்தாவது, நீர். தீவகத்திலே நன்னீர் அரிது. ஆனால் நவீனக் கட்டடத்தின் தட்டையான கூரை, மழைநீரைச் சேர்ப்பதற்கு மிகவும் ஏற்றது. மாரி மழையைத் தொட்டியிலே தேக்கினால் மலசலகூடத்துக்கும் மரங்களுக்கும் உதவும். முறையாகத் தூய்மை செய்தால் குடிக்கவும் ஆகும். படிகளின் அருகே சாய்வழி ஒன்றும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவற்றிற்குத் தடைகள் சொல்வோர் உண்டு. மதிலை இறக்கினால் பாதுகாப்புக் குறையும் என்பர். ஆள் நடமாட்டமும் கடைக்காரரின் கண்ணும் உள்ள தெரு, உயர்ந்த மதிலின் அடியிலே வெறிச்சோடிக் கிடக்கும் தெருவைக் காட்டிலும் பாதுகாப்பானது என்று ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961 ஆம் ஆண்டிலேயே எழுதினார். எங்கள் கிராமத்தவருக்கும் இது புதிதன்று. பதிவேடுகளும் பணமும் இருக்கும் அறைகளைப் பூட்டிக் காக்கட்டும். தெருவைப் பூட்ட வேண்டியதில்லை.

திண்ணை கட்டினால் வேலையற்றவரும் கட்டாக்காலி மாடும் படுத்துக்கொள்ளும் என்பர். மெய்தான், சில நாள் படுக்கும். மாட்டைத் தடுக்கக் குறுக்குக் கம்பி போதும். மனிதரைப் பொறுத்தவரை, பலர் வந்து அமரும் இடத்தை ஒரு சிலர் கெடுத்தல் கடினம். எவரும் வராத இடமே எளிதிற் கெடுகின்றது. பணம் எங்கே என்றும் கேட்பர். கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கு எப்படியும் பணம் ஒதுக்கப்படுகின்றது. முகப்புக் கண்ணாடிக்கும் பளிங்குத் தளத்துக்கும் ஒதுக்குவதிலே ஒரு பங்கைத் தெருவை நோக்கிய 20 அடி நிலத்துக்குத் திருப்பினால் போதுமானது. பராமரிப்பு ஒன்றுதான் உண்மையான தடை. கடை வாடகையைப் பிரதேச சபையிடம் கொடுத்து, அந்தப் பணத்தைத் திண்ணையையும் மரத்தையும் பேணுவதற்கே செலவிட வேண்டும் என்று விதித்தால் அதுவும் தீரும்.

நேயர்களே, இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றவர்களிற் பலர் திரும்பவில்லை. கூரையிழந்த வீடுகளை இன்றும் காணலாம். திருவிழாக் காலத்திலே வெளிநாட்டிலிருந்து வந்தோரால் ஊர் நிறையும். கொடியிறக்கியதும் மீண்டும் வெறுமையாகும். ஆண்டிலே சில நாள் மட்டும் நிறையும் ஊரை ஊர் என்று எப்படிச் சொல்வது? சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையிலே பல தீவு மக்களும் வந்து கூடும் இடம் கந்தோர் வாயில் ஒன்றே. அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறையிலே சந்திப்பதும், நயினாதீவாரும் புங்குடுதீவாரும் வேலணையிலே சந்திப்பதும் அங்கேதான். அவர்கள் அமர்ந்து பேச இடமிருந்தால் கடை திறக்கும். கடை திறந்தால் மாலை வரை ஆள் நிற்கும். ஆள் நின்றால் பள்ளி விட்டு வரும் பெண்பிள்ளை அச்சமின்றித் தெருவிலே நடப்பாள். படித்து முடித்ததும் படகேறிப் போய்விடும் எங்கள் பிள்ளைகளுக்கு, இந்த ஊரிலே வாழ்வு உண்டு என்பதைப் பாடப்புத்தகத்தாற் காட்ட முடியாது; தெருவாலேதான் காட்ட முடியும்.

ஆகவே, பழைய கந்தோர் ஒன்றைப் புதுப்பிக்கத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளையும் பொறியியலாளரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தை விரிக்கு முன் ஒரு நாள் நண்பகல் வேளையிலே வாயிலுக்கு வெளியே, தெருவிலே, ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். முதலிற் கட்ட வேண்டியது எது என்பது அங்கேயே விளங்கும்.